புதிய டயர் மாட்டிய பிறகு கார் சரியாக ஓடவில்லையா? அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

புதிய டயர்களோடு கடையிலிருந்து வெளியே வரும் கார் முன்பைவிட அமைதியாகவும் நேராகவும் ஓட வேண்டும். அப்படி ஓடாவிட்டால், டயரே மோசம் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் குறையுள்ள டயர் தொழிற்சாலையிலிருந்து வருவது உண்டு என்றாலும் அது அரிது. பெரும்பாலான பிழைகள் இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களிலேயே பிறக்கின்றன: டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடம், ரிம் ஹப்பின் (காரில் சக்கரம் மாட்டப்படும் சுழலும் மையப்பகுதியின்) முகத்தில் பொருந்தும் இடம், நட்டின் கூம்பு ரிம்மின் குழியை அழுத்தும் இடம், வால்வின் அடிப்பகுதி ரிம்மின் துளையை அடைக்கும் இடம். டயரை மாற்றும்போது இவை அனைத்தும் பிரிக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்படுவதால், தேடுதலும் அங்கிருந்து தொடங்குவதே பலன் தரும்.

கடைக்குத் திரும்பிச் செல்வதற்கு முன் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிழை எந்த வேகத்தில் தொடங்கி எந்த வேகத்தில் மறைகிறது, அது ஸ்டீயரிங்கில் தெரிகிறதா இருக்கையில் தெரிகிறதா, பிரேக் அழுத்தும்போதோ வளைவில் திரும்பும்போதோ சாலையின் மேற்பரப்பு மாறும்போதோ அதில் ஏதேனும் மாற்றம் ஏற்படுகிறதா என்பவையே அவை. "வண்டி ஏதோ மாதிரி ஓடுகிறது" என்று சொன்னால் மெக்கானிக்கால் அதிகம் செய்ய இயலாது. "80 கிலோமீட்டரில் தொடங்கி 110இல் அடங்குகிறது, ஸ்டீயரிங்கில் மட்டும் தெரிகிறது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. சோதனையின்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதையும் வலியுறுத்திச் சொல்கிறேன். பேலன்சிங் (ரிம்மில் சிறு எடைத்துண்டுகளைச் சேர்த்துச் சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது), அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது), டயர் இடமாற்றம் மூன்றையும் ஒரே நாளில் செய்துவிட்டால், பிழை போனாலும் எதனால் போனது என்று தெரியாது; போகாவிட்டால் எதை இன்னும் சந்தேகிப்பது என்றும் தெரியாது.

எந்த அறிகுறியானாலும் முதல் படி காற்றழுத்தம். கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, டயர் குளிர்ந்திருக்கும் நிலையில், நான்கு சக்கரங்களையும் அளந்து பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டில் அல்லது எரிபொருள் மூடியின் உட்புறத்தில் இருக்கும். காரின் கையேட்டிலும் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தமே தவிர, உங்கள் காருக்கு உரிய அழுத்தம் அன்று. விளிம்பை ரிம்மில் பதிய வைப்பதற்காக ஏற்றிய கூடுதல் காற்றைக் குறைக்காமலே சக்கரத்தை மாட்டி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. டயர் மாற்றிய பிறகு கார் கல்லைப் போலக் குதிக்கிறது என்றால் முதலில் இதையே பார்க்க வேண்டும்.

வேகம் கூடும்போது அதிர்கிறது

குறைந்த வேகத்தில் ஒன்றும் தெரியாமல், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் அதிர்வு தொடங்கி, 100க்கு மேல் குறைந்தோ மறைந்தோ போவது பேலன்சிங் பிழையின் அடையாளம். ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரங்களையும், ஸ்டீயரிங் அமைதியாக இருந்து இருக்கையும் தரையும் நடுங்கினால் பின் சக்கரங்களையும் முதலில் சந்தேகிக்கலாம். இது முற்றிலும் தவறாத விதி அன்று. ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்பதற்குப் போதுமானது.

சிறிய எடை வேறுபாடு இவ்வளவு பெரிய அதிர்வைத் தருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 205/55 ஆர் 16 அளவுள்ள சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 14 முறை சுற்றுகிறது. ரிம்மின் விளிம்பில், மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி 20 கிராம் ஈயம் கூடுதலாக இருந்தால், அது ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 31 நியூட்டன் விசையோடு, அதாவது ஏறத்தாழ 3 கிலோ எடை தொங்குவதைப் போல, சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும். வேகம் பாதியானால் இந்த விசை கால் பங்காகிவிடும். நகரச் சாலையில் ஒன்றும் தெரியாத கார், நெடுஞ்சாலையில் ஏறியதும் நடுங்குவது இதனால்தான்.

ஆகவே முதலில் ரிம்மின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் பாருங்கள். பழைய எடைத்துண்டு ஒட்டியிருந்த பசையின் தடம் மட்டும் இருந்து, புதிய துண்டு இல்லையென்றால், அது கழன்று விழுந்திருக்கலாம். ரிம்மின் உட்புறத்தில் காய்ந்த சேறு ஒட்டியிருப்பதும் அதே விளைவைத் தரும். ஒருமுறை நன்றாகக் கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இவை சரியாக இருந்தால் மீண்டும் பேலன்சிங் செய்யச் சொல்லலாம்.

மீண்டும் செய்தும் அதிர்வு போகவில்லை என்றால், அதே எந்திரத்தில் மூன்றாவது முறை செய்வதில் பயன் இல்லை. இதை என் சொந்தக் காரில் கற்றேன். மூன்று முறை பேலன்சிங் செய்து, ஒவ்வொரு முறையும் எந்திரம் பூச்சியம் காட்டியது. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கிக்கொண்டே இருந்தது. நான்காவது முறை வேறொருவர் சக்கரத்தைக் கழற்றி ஹப்பின் முகத்தைக் காட்டினார். துருவின் செதில்கள் ஒரு பக்கம் மட்டும் தடித்து நின்றன. பேலன்சிங் எந்திரத்தில் சக்கரம் எந்திரத்தின் தண்டில் உட்காருகிறது, காரிலோ துரு ஏறிய ஹப்பில் உட்காருகிறது. எந்திரத்தால் காணவே முடியாத பிழை அது. கம்பித் தூரிகையால் ஹப்பின் முகத்தையும், அதைத் தொடும் ரிம்மின் பின்புறத்தையும் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகு அதிர்வு முற்றிலும் நின்றது. டயர் மாற்றும்போது இந்தப் பத்து நிமிட வேலையையும் கேட்டுப் பெறுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

காருடன் வந்த ரிம்முக்குப் பதிலாக வேறு ரிம் மாட்டியிருப்பவர்கள் நடுத் துளையின் அளவையும் பார்க்க வேண்டும். பிற்பாடு வாங்கும் ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்துவதற்காகப் பெரிய துளையோடு வருகின்றன. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். டயர் மாற்றும் நேரத்தில் அந்த வளையம் கீழே விழுந்து கடையிலேயே தங்கிவிட்டால், சக்கரம் மையத்திலிருந்து சற்று விலகி உட்கார்ந்து, எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் அதிரும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அதிர்ந்தால், டயரின் வட்டத்தையே சந்தேகிக்கும் நேரம் வந்துவிட்டது. எந்த டயரும் துல்லியமான வட்டம் அன்று. எந்த ரிம்மும் அன்று. டயரின் உயர்ந்த இடமும் ரிம்மின் உயர்ந்த இடமும் ஒரே பக்கம் அமைந்துவிட்டால் இரண்டு குறைகளும் கூடிவிடும். புதிய டயரின் பக்கச்சுவரில் காணும் வண்ணப் புள்ளிகள் இதற்காகவே உள்ளன. சிவப்புப் புள்ளி உயர்ந்த இடத்தைக் குறிக்கிறது. ரிம்மில் தாழ்ந்த இடம் குறிக்கப்பட்டிருந்தால் அதனோடு அதைச் சேர்ப்பார்கள். மஞ்சள் புள்ளி எடை குறைந்த இடத்தைக் குறிக்கிறது. அதை வால்வுக்கு நேராக வைப்பார்கள். டயரின் காற்றை இறக்கி, ரிம்மின் மேல் அரைச்சுற்று திருப்பி, மீண்டும் காற்றேற்றிப் பேலன்ஸ் செய்தாலே பல பிடிவாதமான அதிர்வுகள் அடங்கிவிடும். சக்கரத்தின் மேல் உருளையை அழுத்திச் சாலையின் சுமையைப் போலவே ஏற்றிப் பார்க்கும் எந்திரம் இருக்கும் கடை கிடைத்தால், அங்கே செல்வது இன்னும் நல்லது.

பல நாட்கள் நின்ற கார் புறப்பட்டவுடன் சீராக அதிர்ந்து, பதினைந்து இருபது கிலோமீட்டருக்குள் தானாகச் சரியாகிவிட்டால் கவலை வேண்டாம். நின்ற இடத்தில் தட்டையான ரப்பர் சூடேறியதும் பழைய வடிவுக்கு வந்துவிடுகிறது.

மெதுவாக ஓட்டும்போதே சக்கரம் ஆடுகிறது, அல்லது தட் தட் என்று கேட்கிறது

இந்த அறிகுறியைக் கண்டால் ஓட்டிக்கொண்டே ஆராய வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள். 30 கிலோமீட்டர் வேகத்திலேயே கார் பக்கவாட்டில் ஆடுவது பேலன்சிங் பிழையால் வராது. முதல் சந்தேகம் சரியாக இறுகாத நட்டின் மீதுதான். ஒரு ஸ்பானரைப் போட்டு ஒவ்வொரு நட்டும் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நட் தளர்ந்திருந்தாலும் எல்லா நட்டுகளையும் இறுக்கிவிட்டு, மெதுவாக அருகிலுள்ள பணிமனைக்குச் சென்று, ரிம்மின் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா, போல்ட்டின் மரை சிதைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் அந்த ரிம்மை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

நட்டுகள் ஏன் தளர்கின்றன? ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் துருவோ பெயின்ட்டோ மணலோ சிக்கியிருந்தால், இறுக்கும்போது கெட்டியாகத் தோன்றும் பிடி, ஓடும்போது அது நொறுங்கியதும் தளர்ந்துவிடும். நட்டுகளை நட்சத்திர வடிவ வரிசையில் மாறி மாறி இறுக்காமல் வட்டமாக வரிசையாக இறுக்கினாலும் ரிம் ஒரு பக்கம் சாய்ந்தே உட்காரும். புதிய ரிம் வாங்கியவர்கள் பழைய நட்டுகளையே மாட்டியிருந்தால் இன்னொரு பொருத்தமின்மையும் வரலாம்: கூம்பு வடிவ நட்டும் கோள வடிவக் குழியும் ஒன்றையொன்று முழுமையாகத் தொடாது. பல கார்களில் நட்டை இறுக்க வேண்டிய முறுக்கு விசை 80 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் அமைகிறது. உங்கள் காருக்கு உரிய எண் கையேட்டில் இருக்கும். காற்றில் இயங்கும் துப்பாக்கியால் மட்டும் இறுக்கிவிட்டு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சைக் கையில் எடுக்காமலே அனுப்பும் கடையை நான் நம்புவதில்லை. அளவு மீறிய இறுக்கமும் கேடுதான். அது போல்ட்டை நீட்டிவிடும், பிரேக் டிஸ்க்கைக் கோணலாக்கும், வழியில் பஞ்சரானால் கையால் நட்டைக் கழற்றவும் முடியாது. மரையில் எண்ணெய் பூசுவதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அதே முறுக்குக்கு நட் கூடுதலாக இறுகிவிடும். டயர் மாற்றி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு முறுக்கை ஒருமுறை சரிபார்ப்பது கட்டாயம்.

நட்டுகள் இறுகியே இருந்தால், சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால், அங்கே டயரின் விளிம்பு ரிம்மில் ஏறி உட்காரவில்லை என்று பொருள். காற்றை முழுவதும் இறக்கி, விளிம்பில் டயர் மாட்டுவதற்கான வழுக்கும் பசையைத் தடவி மீண்டும் ஏற்ற வேண்டும். கோடு சரியாக இருந்து, டயரின் தரைப்பகுதி மட்டும் பாம்பைப் போல வளைந்து சுற்றினால், உள்ளிருக்கும் எஃகுப் பட்டை பிரிந்திருக்கலாம். அந்த டயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் இனி ஒரு கிலோமீட்டரும் ஓடக் கூடாது.

கார் ஒரு பக்கமாக இழுக்கிறது

பெரும்பாலான சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரிந்தே இருக்கும். சமதளமான, காற்று வீசாத இடத்தில் ஒரே பரப்பின் மேல் இரு திசைகளிலும் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வரும்போது இழுப்பின் பக்கமும் மாறினால், இழுப்பது கார் அன்று, சாலைதான்.

இரு திசைகளிலும் ஒரே பக்கம் இழுத்தால் பலரும் அலைன்மென்ட்டுக்கு விரைகிறார்கள். அதற்கு முன் செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. முன் இடது சக்கரத்தையும் முன் வலது சக்கரத்தையும் இடம் மாற்றி மாட்டி, அதே சாலையில் ஓட்டுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கத்துக்கு மாறினால் காரணம் டயர். மறைந்துபோனாலும் காரணம் டயர்தான். அப்படியே நீடித்தால் காரணம் காரின் அமைப்பில் இருக்கிறது. தயாரிப்பின்போது பட்டைகள் ஓர் இழை விலகி அமைந்தால் டயர் மிகச் சிறிய அளவில் கூம்பு வடிவம் பெறுகிறது. தரையில் உருட்டிய காகிதக் குவளை வளைந்து ஓடுவதைப் போல அதுவும் ஒரு பக்கம் ஓட முயலும். பார்வைக்கு இது தெரியாது, எந்த அலைன்மென்ட்டாலும் தீராது. அந்த டயரைப் பின்னால் மாட்டினால் இழுப்பு பெரும்பாலும் உணரப்படாது என்பது உண்மைதான். ஆனால் புதிய டயர் என்பதால் மாற்றித் தரும்படி கேட்பதே சரி.

சுற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள டயர்களை இப்படி இடவலமாக மாற்றக் கூடாது. அவற்றில் முன் சக்கரங்களை அதே பக்கத்துப் பின் சக்கரங்களோடு மாற்றிச் சோதிக்கலாம். அந்த நேரத்தில் நான்கு அம்புகளும் கார் முன்னோக்கிச் செல்லும்போது சுற்றும் திசையையே காட்டுகின்றனவா என்றும் பாருங்கள். அம்பு இல்லாமல் வெளிப்புறம், உட்புறம் என்று எழுதப்பட்ட டயர்களில் வெளிப்புறம் என்ற சொல் நான்கு சக்கரங்களிலும் வெளியே தெரிய வேண்டும். ஒரு சக்கரத்தில் மட்டும் உள்ளே திரும்பியிருந்தால் அது மாட்டியவரின் பிழை; ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டாமல் சரியாகாது.

டயர் குற்றமற்றது என்று தெரிந்த பிறகு, சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ரிம்மைத் தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் அதன் பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் அலைன்மென்ட் பார்க்க வேண்டியதுதான். சக்கரங்கள் முன்புறம் குவிந்தோ விரிந்தோ நிற்கும் கோணம் சரியில்லையென்றால் இழுப்பைவிட, நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்பதும் டயர் வேகமாகத் தேய்வதுமே அதிகம். இழுப்பைத் தருவது பெரும்பாலும் சக்கரத்தின் சாய்வுக் கோணத்தில் இருபக்கமும் உள்ள வேறுபாடு. அலைன்மென்ட் முடிந்ததும் அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி, பின் சக்கரங்களின் எண்களும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன் சக்கரங்களை மட்டும் சரிசெய்தால், கோணலாக நிற்கும் பின் அச்சு காரைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது

நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ காற்று ரப்பரின் வழியே கசியும். குளிர் கூடினாலும் அழுத்தம் குறையும். ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வீழ்ச்சிக்கு ஒன்றரை பிஎஸ்ஐ குறைவதாகக் கொள்ளலாம். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருப்பது இயல்பு என்பதால் அப்போது காற்றை இறக்கக் கூடாது. நான்கும் ஒரே அளவு குறைந்தால் காரணம் பருவநிலை. ஒன்று மட்டும் சில நாட்களில் குறைந்தால் கசிவு.

சோப்பு நீரைக் கலந்து தூரிகையால் தடவுங்கள். முதலில் வால்வின் வாய், அடுத்து வால்வின் அடிப்பகுதி, பிறகு ரிம்மின் இரு விளிம்புகள், கடைசியாகத் தரைப்பகுதி. வாயில் குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் ஊசியை இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். அடியில் வந்தால் வால்வையே மாற்ற வேண்டும். ட்யூப்லெஸ் டயரை மாற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வால்வையும் மாற்றுவதுதான் முறை, பழையதையே விட்டுவைப்பது சிக்கனம் ஆகாது. விளிம்பில் வந்தால் அலுமினிய ரிம்மில் அரிப்பு பொருக்காகப் படிந்திருக்கும். டயரைக் கழற்றி அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, விளிம்பு அடைப்புப் பூச்சு பூசி மாட்ட வேண்டும். மாட்டும்போது கடப்பாரை பட்டு டயரின் விளிம்பு கிழிந்திருந்தால் பழுது பார்க்க இயலாது.

காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு அணையவில்லை

இந்த அமைப்பு இருவகைப்படும். ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளும் மின்கலத்தோடு கூடிய உணரி இருக்கிறது. மற்றொன்று பிரேக் அமைப்பு அளக்கும் சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டு, காற்றுக் குறைந்து சுற்றளவு சுருங்கிய சக்கரத்தை ஊகிக்கிறது. இரண்டாம் வகையில் புதிய டயர்களின் சுற்றளவு காருக்குத் தெரியாது. அழுத்தத்தைச் சரிசெய்த பிறகு கையேட்டின்படி மறுபதிவு செய்து, சிறிது தூரம் ஓட்டினால் விளக்கு அணைந்துவிடும்.

முதல் வகையில் விளக்கு எப்படி எரிகிறது என்று கவனியுங்கள். நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு சக்கரத்தில் அழுத்தம் குறைவு. வண்டியைத் தொடங்கியதும் ஒரு நிமிடம் அளவுக்கு மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால் உணரி பேசவில்லை. டயரைக் கழற்றும்போது அது உடைந்திருக்கலாம், அல்லது மின்கலம் ஆயுள் முடிந்திருக்கலாம்; ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரைதான் அது தாங்கும். பழைய கார் என்றால், டயர் கழன்றிருக்கும் அதே நேரத்தில் உணரியையும் மாற்றிவிடுவது இரட்டைக் கூலியைத் தவிர்க்கும்.

சத்தம்

புதிய டயரின் இரைச்சல் சாலையோடு மாறும்: வழவழப்பான தாரில் குறையும், கரடான பரப்பில் கூடும். சாலை மாறியும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடும் ஊளை போன்ற ஒலி, வளைவில் திரும்பும்போது கூடியோ குறைந்தோ கேட்டால் அது வீல் பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது சுமை இடப்பக்கம் சாய்வதால், அப்போது ஒலி கூடினால் இடது பேரிங்கைப் பார்க்க வேண்டும். தேய்ந்த பழைய டயர்களின் கூச்சலில் மறைந்திருந்த பேரிங் ஒலி, அமைதியான புதிய டயர்கள் வந்ததும் வெளிப்படுவது உண்டு. டயர் மாற்றியதால் பேரிங் கெட்டது என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டையிட வேண்டாம்.

சக்கரம் சுற்றும் வேகத்தோடு சேர்ந்த டிக் டிக் ஒலிக்குப் பெரும்பாலும் டயரின் தரைப்பகுதியில் உள்ள ரப்பர்க் கட்டைகளான பட்டன்களுக்கு இடையே சிக்கிய கல் காரணம். ஆணியாக இருந்தால் அங்கேயே பிடுங்க வேண்டாம். காற்று முழுவதும் போய்விடும். ரிம்மின் உட்புறம் ஒட்டிய எடைத்துண்டு பிரேக் காலிப்பரை உரசினாலும் இதே ஒலி வரும். பெரிய பிரேக் கொண்ட கார்களில் துண்டை எங்கே ஒட்டுவது என்பதில் கவனம் தேவை.

திருப்பும்போது உரசுகிறது, அல்லது ஸ்பீடோமீட்டர் பொய் சொல்கிறது

இரண்டும் வாங்கும்போது நேர்ந்த பிழைகள். 205/55 ஆர் 16 91 வி என்பதில் 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 55 விழுக்காடு என்பது. 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 91 என்ற எண்ணுக்கு ஒரு டயர் 615 கிலோ சுமை தாங்கும் என்று பொருள். வி என்ற எழுத்துக்கு மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று பொருள். இந்த டயரின் மொத்த விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர். கையிருப்பு இல்லை என்று சொல்லி 205/60 ஆர் 16 மாட்டிவிட்டால் விட்டம் 652 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட 3 விழுக்காடு வேகமாக ஓடுவீர்கள். மாறாக 195/65 ஆர் 15 டயரின் விட்டம் 634 மட்டுமே என்பதால், அந்த ரிம் பிரேக்குக்கு இடம் விட்டால், வேகக் கணக்கில் வேறுபாடு தெரியாது. அகலமோ, ரிம் வெளியே தள்ளி நிற்கும் அளவோ மாறினால், ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது உட்புற மட்கார்டு உறை உரசும். கழன்ற கிளிப் ஒன்றால் உறை தொங்குவதும் காரணமாகலாம் என்பதால் அதை முதலில் பாருங்கள்.

சுமை எண்ணில் மட்டும் சமரசம் கூடாது. காருக்குக் குறித்ததைவிடக் குறைந்த எண்ணுள்ள டயர், அளவு பொருந்தினாலும், முழுச் சுமையில் அளவு மீறிச் சூடேறும். பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளைத் தொடரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்கின்றன; 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மாட்டுவதற்கு முன்பே நான்கு டயர்களிலும் இதைப் படித்துவிடுங்கள், ஏனெனில் மாட்டிய பிறகு திருப்பித் தருவது கடினம். குறியீடு ஒரு பக்கத்தில் மட்டும் முழுமையாக இருக்கும் என்பதால், வெளியே தெரியாவிட்டால் உட்பக்கம் பார்க்க வேண்டும்.

ஈரச் சாலையில் வழுக்குகிறது

புதிய ரப்பரின் மேற்பரப்பு முதல் சில நூறு கிலோமீட்டர் வரை முழுப் பிடிப்பைத் தராது. பட்டன்கள் உயரமாக இருப்பதால் ஸ்டீயரிங்கும் சற்று மிதப்பதைப் போலத் தோன்றும். இந்தக் காலத்தில் கடும் பிரேக்கையும் வேகமான வளைவையும் தவிர்த்தால், இரண்டும் தாமாகவே சரியாகும்.

இரண்டு டயர் மட்டும் வாங்கி முன்னால் மாட்டியிருந்தால் பிரச்சினை வேறு. மழையில் வளைவில் காரின் பின்புறம் வெளியே ஓடுவது போல உணர்ந்தால், உடனே புதிய டயர்களைப் பின்னாலும், ஓரளவு தேய்ந்தவற்றை முன்னாலும் மாற்றுங்கள். எஞ்சின் முன் சக்கரங்களை இயக்கும் காரானாலும் இதுவே பொருந்தும். முன் சக்கரங்கள் நீரில் மிதந்து வழுக்கினால் கார் நேராகப் போகும். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து மீட்டுக்கொள்ளலாம். பின் சக்கரங்கள் வழுக்கினால் கார் சுழலும். பயிற்சி இல்லாதவரால் அதை மீட்க இயலாது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டதைக் காட்டும் குறுக்குத் திட்டுகளோடு சமமான டயரை எங்கேயும் மாட்டக் கூடாது. நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும் கார்களில் சுற்றளவு வேறுபாடு கியர் அமைப்பையே பாதிக்கும் என்பதால், நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது.

பக்கச்சுவரில் பள்ளமோ வீக்கமோ தெரிகிறது

உள்நோக்கிய மெல்லிய பள்ளம் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இணைப்பின் தடம். அது குறை அன்று. வெளிநோக்கிய புடைப்பு அப்படியன்று. உள்ளே இழைகள் அறுந்து, காற்றை ரப்பர் மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கிறது. குழியிலோ நடைமேடை விளிம்பிலோ மோதியிருந்தால் இது தோன்றும். பழுது பார்க்க முடியாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு புதியது வாங்கச் செல்லுங்கள்.

சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்கிறது

உள்ளங்கையை டயரின் மேல் உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கியும் மறு திசையில் ரம்பத்தைப் போல இடறியும் தெரிந்தால், சக்கரங்கள் குவிந்து நிற்கும் கோணம் தவறு. இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று மிகை. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சாய்வுக் கோணம் தவறு, அல்லது சஸ்பென்ஷனில் புஷ்ஷோ பால் ஜாயிண்ட்டோ தேய்ந்திருக்கிறது. அங்கங்கே கிண்ணம் போலக் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தன் வேலையைச் செய்யவில்லை.

பழைய டயர்கள் கழன்ற நாளிலேயே இதையெல்லாம் படித்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். பழைய டயரின் தேய்மானம் காரின் குறையை அப்படியே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினால், அதே குறை புதிய ரப்பரிலும் அதே எழுத்தை எழுதத் தொடங்கும். கழற்றிய டயர்களை எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்று சாக்கட்டியால் குறித்து, ஓரங்களையும் நடுவையும் தடவிப் பார்த்த பிறகே அவற்றைக் கடையில் விட்டுவிட்டு வாருங்கள்.